கோணலாப் போட்டாலும் பூசணிதான்… தெரியுமா?

வட்டம் ஒழுங்காக வராதவர்களுக்கென்றே உலகத்தில் ஒரு காய் இருக்கிறது, தெரியுமா? ஆப்பிளைக் கோணலாக வரைந்தால், "இது என்ன, உருளைக்கிழங்கா?" என்பார்கள். பந்தைக் கோணலாக வரைந்தால் காற்றுப்போன பந்து. பூசணியை மட்டும் எப்படிக் கோணினாலும் அது பூசணிதான்! கொடியில் காய்க்கிற அசல் பூசணியே ஒரு பக்கம் சப்பி, மறுபக்கம் உப்பி, மண்ணில் கிடந்த இடம் வெளிறிப்போய்த்தானே கிடக்கிறது? யார் போய் அதைக் குறை சொல்கிறார்கள்?

போன விடுமுறையில் என் அண்ணன் பேத்தி, நாலு வயசு, மாதக் காலண்டரில் முடிந்துபோன ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றாள். "சின்னத் தாத்தா, சிரிக்கிற பூசணி வரைஞ்சு குடுங்க. எனக்கு வராது." டிவி கார்ட்டூனில் பார்த்திருக்கிறாள். காலண்டரின் பின்பக்கத்தைத் தரையில் விரித்து, நான் ஒரு பென்சில், அவள் ஒரு பென்சில் என்று குப்புறப் படுத்துக்கொண்டோம். ரப்பரை மட்டும் சட்டைப் பையில் ஒளித்துவிட்டேன். ரப்பர் கண்ணில் பட்டால் குழந்தைகள் வரைவதை விட்டுவிட்டு அழிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"நடுவில் ஒரு முட்டையை நிற்க வை" என்றேன். போட்டாள். ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் சேரவில்லை. ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லை. வால் இருக்கிற இடத்தில்தானே காம்பு வரப்போகிறது!

குழந்தையின் கை ஒரு வரிசைப்படிதான் வடிவங்களுக்குப் பழகுகிறது, தெரியுமா? வட்டம் மூன்று வயதை ஒட்டி வந்துவிடும். கூட்டல் குறி நாலுக்குள். சதுரம் நாலரை வாக்கில். முக்கோணத்துக்கு ஐந்து ஆக வேண்டும். சாய்சதுரம் ஏழு வயது வரைக்கும்கூடத் தண்ணி காட்டும்! குழந்தை மருத்துவர்கள் தாளில் ஒரு வடிவத்தைக் காட்டி, "இதே மாதிரி போடு பார்க்கலாம்" என்பது இதைப் பார்க்கத்தான். இப்போது கணக்குப் போடுங்கள். பூசணியின் உடம்பு மூன்று வயதுக்காரருக்கே வரும். படங்களில் பார்க்கிற அந்த முக்கோணக் கண்ணுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நாலு வயதுக்காரியிடம் முக்கோணம் கேட்டு அழவிடாதீர்கள், வட்டக் கண் போதும்.

முட்டை நின்றதா? இப்போது அதன் இடது தோளில் பென்சிலை வைத்து, வெளியே தொப்பை தள்ளுகிற மாதிரி ஒரு வளைவு இழுத்து, முட்டையின் அடியில் கொண்டுபோய்ச் சேருங்கள். அடைப்புக்குறி போல இருக்கும். வலது பக்கமும் அப்படியே. அதற்கும் வெளியே இன்னொரு ஜோடி. தொப்பை இன்னும் பெரிசு, உயரம் ஒரு நூல் கம்மி. அவ்வளவுதான், ஐந்து மடிப்புப் பூசணி தயார்! நிழல் போடவில்லை, ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் உருண்டையாகத் தெரிகிறது. முன்னால் இருக்கிற மடிப்பு பின்னால் இருப்பதைக் கொஞ்சம் மறைக்கிறது, அந்த மறைப்பு ஒன்றே கண்ணுக்குப் போதும்!

ஆனால் முதல் தடவை வரைகிறவர்களில் பாதிப் பேர் வேறு மாதிரி செய்வார்கள். பெரிய வட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, உள்ளே மேலிருந்து கீழாக நேர்க்கோடு நேர்க்கோடாகப் போடுவார்கள். பூசணி ஜெயிலுக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்! கோடுகள் எல்லாம் மேலே காம்படியில் ஒன்றுகூட வேண்டும், கீழேயும் ஒன்றுகூட வேண்டும், ஓரத்துக்குப் போகப் போக அதிகமாக வளைய வேண்டும். பூமி உருண்டையில் தீர்க்கரேகை பார்த்திருக்கிறீர்களே, அதே சங்கதி. வெளிக்கோடும் வழவழவென்று ஓடக் கூடாது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பள்ளம் விழ வேண்டும். அந்தப் பள்ளம்தான் ஆரஞ்சுப் பழத்தையும் பூசணியையும் பிரிக்கிறது.

காய்க்கு அந்த மடிப்பு எப்படி வந்தது தெரியுமா? யாரும் அளந்து மடிக்கவில்லை! மேல்தோல் விறைப்பு, உள்சதை மெத்து. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வளர்ச்சியில் வித்தியாசம் விழ விழ, தோல் தாங்காமல் நெளிந்து மடிகிறது. மடிப்பு எத்தனை விழும் என்பதைக் காயின் வடிவமும் தோலின் தடிமனும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று 2008-இல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். நம் பென்சில் இழுக்கிற ஒவ்வொரு வளைவும் ஒரு பொறியியல் கணக்கின் விடை!

பொறியியல் என்றதும் ஞாபகம் வருகிறது. வானத்தில் பூசணி பறக்கிறது தெரியுமா? நாசா விடுகிற ராட்சத பலூன்களில் ஒரு வகைக்குப் பூசணி வடிவம்தான். மெல்லிய பாலிஎதிலின் தாள் மடிப்பு மடிப்பாகப் பிதுங்க, மடிப்புகளுக்கு இடையே ஓடுகிற வலுவான வடங்கள் பாரத்தைத் தாங்குகின்றன. வழவழவென்ற உருண்டையாகச் செய்தால் தாளே மொத்த அழுத்தத்தையும் தாங்க வேண்டும், கிழிந்துவிடும். 2023 ஏப்ரலில் நியூசிலாந்தின் வனாக்கா ஊரிலிருந்து இப்படி ஒரு பூசணி, ஒரு தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு 30 கிலோமீட்டருக்கும் மேலே ஏறித் தென்கோளத்தைச் சுற்றியது!

பெரிய பூசணி வேண்டும் என்று கேட்கிற குழந்தை உங்கள் வீட்டில் இருக்கிறதா? உயரத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள். 2023 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே ஊரில், மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு தோட்டக்கலை ஆசிரியர் கொண்டுவந்து நிறுத்திய பூசணி எவ்வளவு இருந்தது தெரியுமா? 1,247 கிலோ! அப்போதைய உலக சாதனை அது. ஒரு கார் கனம்! ஆனால் அந்த மாதிரி ராட்சதக் காய்களைப் பார்த்தால் உருண்டையாகவே இருக்காது. தன் கனத்திலேயே நசுங்கி, தரையில் வைத்த மாவுருண்டை போலப் பரந்து கிடக்கும். இதையும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள், தெரியுமா? சின்னப் பூசணிக்கு உருண்டை, பெரிய பூசணிக்குச் சப்பை. வரைகிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன சூத்திரம் வேண்டும்!

இப்போது காம்பு. இங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டு ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். பூசணியின் ஜாதகமே காம்பில்தான் இருக்கிறது, தெரியுமா? தாவரவியல்காரர்கள் காம்பைப் பார்த்தே எந்த இனம் என்று சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் முகம் செதுக்குகிற பூசணியின் காம்பு ஐந்து பட்டை போட்டு, கட்டை மாதிரி கெட்டியாக நிற்கும். சாதனை படைக்கிற ராட்சதப் பூசணியின் காம்பு உருண்டையாக, தக்கை மாதிரி பருத்திருக்கும். நம் ஊர்க் கறிப் பூசணி வேறு இனம். காயைத் தொடுகிற இடத்தில் அதன் காம்பு பாதம் விரித்து உட்கார்ந்திருக்கும். அடுத்த தடவை காய்கறிக் கடையில் பத்தை போடுவதற்கு முன்னால் முழுக் காயைத் திருப்பிப் பாருங்கள், வாத்தின் கால் மாதிரி இருக்கும். கார்ட்டூனில் எல்லோரும் போடுகிற அந்தத் தடித்த, வளைந்த கைப்பிடிக் காம்பு இருக்கிறதே, அதற்குச் சரியான அசல் மாதிரி 'ஹவுடன்' என்கிற ரகம். மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவுடன் 1960-களில் பொறுக்கி எடுத்து உருவாக்கத் தொடங்கியது. செதுக்கிய முகத்தோடு தூக்கிக்கொண்டு நடக்கத் தோதாக, கெட்டிக் காம்பு!

வரையும்போது அடியை அகலமாகவும், மேலே கொஞ்சம் குறுக்கியும், ஒரு பக்கமாகச் சாய்த்தும் போடுங்கள். நுனியில் சின்ன நீள்வட்டம் ஒன்று வைத்தால் அரிவாளால் வெட்டின மாதிரியே இருக்கும். நேராக நிமிர்ந்து நிற்கிற காம்பு பூசணியைச் செத்த பொருளாக்கிவிடும். சாய்ந்த காம்புதான் அதற்குக் குணம் கொடுக்கிறது. இது என் அபிப்பிராயம், தாவரவியல் அல்ல.

காம்படியிலிருந்து ஒரு சுருள் கம்பி விடுவோமா? கொடி எதையாவது பிடித்துக்கொள்ள நீட்டுகிற பற்றுக்கம்பி அது. ஸ்ப்ரிங் மாதிரி சுற்றிச் சுற்றிப் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். இல்லை! ஒரு கொம்பைப் பிடித்துவிட்ட பற்றுக்கம்பி பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுற்றும், நடுவில் சட்டென்று திசை மாறி, மீதியை மறுபக்கமாகச் சுற்றும். தெரியுமா? ஒரு முனையைக் கொடி பிடித்திருக்கிறது, மறு முனையைக் கொம்பு பிடித்திருக்கிறது. இரண்டு முனையும் சுழல முடியாதபோது, ஒரு பக்கம் ஏறின முறுக்கை மறுபக்கம் கழித்தாக வேண்டும். டார்வினே 1865-இல் இதை உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார். 2012-இல் வெள்ளரிக்கொடியை வைத்து, உள்ளே ஓடுகிற ஒரு நார்ப்பட்டை ஒரு பக்கமாகச் சுருங்குவதால்தான் இந்தச் சுருள் வருகிறது என்று ஹார்வர்டில் ஒரு குழு கண்டுபிடித்தது. அந்தக் குழுவிலிருந்த எல். மகாதேவன் எங்கே படித்தவர் தெரியுமா? சென்னை ஐஐடி! பழைய லேண்ட்லைன் ஃபோனின் சுருள் ஒயரில் இதே திசைமாற்றத்தைப் பார்த்து, நாமெல்லாம் சிக்கெடுக்க முடியாமல் திட்டியிருக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் சுருள் காற்றில் ஆடினால் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். எதையாவது பிடித்திருந்தால் நடுவில் திருப்புங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கேட்டால் டார்வின் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு நேரம் நம் ஊர்க் காய் என்று உரிமை கொண்டாடினேனே, அது நம் ஊர்க் காயே இல்லை! பரங்கிக்காய் என்கிறோமே, அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. பரங்கியர் என்றால் ஐரோப்பியர். பரங்கிமலையில், பரங்கிப்பேட்டையில் ஒட்டியிருக்கிற அதே பரங்கி! பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஓஹாகா பகுதியில் ஒரு குகைக்குள் கிடைத்த, மனிதர் பயிரிட்ட பூசணி வகை விதைகளுக்குச் சுமார் 10,000 வயது. கொலம்பஸ் 1492-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1503-க்கும் 1508-க்கும் நடுவில் பிரான்ஸ் அரசி அன்னேவின் ஜெபப் புத்தகத்துக்கு ஓவியர் ழான் பூர்திஷோன் ஓரப்படங்கள் தீட்டினார். அதில் பூசணி இனத்துக் கொடி ஒன்று காயோடு ஏறி உட்கார்ந்துவிட்டது! அடுத்த பத்து வருஷத்தில் ரோமில் ரஃபேல் குழு தீட்டிய மாளிகைக் கூரையிலும் பூசணி தொங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆர்ச்சிம்போல்டோ என்கிற இத்தாலியர் பழங்களை அடுக்கியே ஒரு மனித முகம் செய்தார். 1573-இல் வரைந்த அந்த 'இலையுதிர்காலம்' ஓவியத்தில் தலைக்குத் தொப்பி எது தெரியுமா? பூசணி!

படிப்படியாக வரையக் கற்றுக்கொடுக்கிற புத்தகங்கள் நேற்று வந்தவை என்று நினைக்கிறீர்களா? அலை ஓவியத்துக்குப் பேர்போன ஜப்பானியர் ஹொகுசாய், வட்டமும் சதுரமும் போட்டே எதையும் வரைந்துவிடலாம் என்று 1812-இலேயே ஒரு புத்தகம் போட்டுவிட்டார். நம் முட்டையும் அடைப்புக்குறியும் அந்தப் பரம்பரைதான்.

சரி, முகத்துக்கு வருவோம். பிறந்து சில நிமிஷமே ஆன சிசுவின் கண்முன்னால் முகம் மாதிரி புள்ளி வைத்த அட்டையை நகர்த்தினால், அது கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், தெரியுமா? புள்ளிகளைக் கலைத்துப் போட்ட அட்டைக்கு அவ்வளவு மரியாதை இல்லை! ஆகவே இரண்டு வட்டம், கீழே ஒரு வளைவு. உடனே பூசணி நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். சுவிட்சர்லாந்துக்காரர் ருடால்ஃப் தோப்ஃபர், சித்திரக்கதையின் தந்தை என்று பலர் கொண்டாடுகிற பள்ளி ஆசிரியர், 1845-இல் ஒரு சின்னப் புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். எவ்வளவு மோசமாகக் கிறுக்கினாலும், கிறுக்கினது முகம் என்றால் அதற்கு ஏதோ ஓர் உணர்ச்சி வந்தே தீருமாம். வரைய வராது என்கிறவர்களுக்கு இதைவிட ஆறுதல் உண்டா? கண்ணுக்கு மேல் ஒரு கோடு மூக்கை நோக்கிச் சரிந்தால் கோபம். வெளிப்பக்கம் சரிந்தால் அழுகை. ஒரே ஒரு புருவத்தைத் தூக்கிவிட்டால் கணக்கு வாத்தியார்!

கோர்ட்டில் முகத்தைக் காயாக்கிக் காட்டியும் ஜெயிலுக்குப் போனவர் இருக்கிறார், தெரியுமா? ஷார்ல் பிலிப்போன் என்கிற பாரிஸ் பத்திரிகைக்காரர். 1831-இல் அரசர் லூயி பிலிப்பைக் கேலிச் சித்திரம் போட்டதற்காக வழக்கு. கோர்ட்டிலேயே நாலு படம் வரைந்து காட்டினார். முதல் படம் அரசர் முகம். இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் தொங்குகிறது. மூன்றாவதில் இன்னும். நாலாவது அப்பட்டமான பேரிக்காய்! 'எந்தப் படத்திலிருந்து குற்றம் ஆரம்பிக்கிறது' என்பதுதான் அவர் வாதம். தண்டனை தப்பவில்லை. ஆனால் பாரிஸ் சுவர்களில் எல்லாம் பேரிக்காய் முளைத்தது.

பூசணி முகத்துக்குச் சொந்த ஊர் அயர்லாந்து. ஆனால் அங்கே பூசணி இல்லை! டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே தணல் வைத்து, அக்டோபர் 31 ராத்திரி துஷ்ட ஆவிகளை விரட்டினார்கள். அந்நாட்டு அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு டர்னிப் முகத்தின் அச்சு இருக்கிறது. பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. கார்ட்டூன் பூசணி அதன் முன்னால் வெறும் பாப்பா! பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள் அங்கே பெரிசாக, மெத்தென்று, குடைய வாகாகக் கிடந்த பூசணிக்கு மாறினார்கள். டர்னிப்பைக் குடைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும்.

நம் தெருவில் என்ன நடக்கிறது? கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் முகப்பில் வெண்பூசணி தொங்குகிறது. இது வேறு காய், ஆசியாவின் பழைய காய். உடம்பெல்லாம் திருநீறு பூசின மாதிரி வெள்ளைப் பொடி. அதைத் துடைத்துவிட்டு, பிதுங்கின விழி, முறுக்கு மீசை, கோரைப் பல், தொங்குகிற சிவப்பு நாக்கு! திருஷ்டியை விரட்டுகிற வேலை. அட்லாண்டிக் பக்கம் ஒரு காய்க்கு முகம் வைத்துக் கெட்டதை விரட்டினார்கள், வங்கக் கடல் பக்கம் இன்னொரு காய்க்கு முகம் வைத்துக் கெட்டதை விரட்டுகிறோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ளவில்லை! நம் முகத்தில் மீசை இருக்கிறது, அவர்கள் முகத்தில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறோமே, அதில் வழுக்கி விழுகிற பைக் ஓட்டியை எந்த மீசை காப்பாற்றும் என்பது தனிக் கேள்வி.

உலகத்தில் ரொம்பப் பேர்பெற்ற கார்ட்டூன் பூசணியை யாரும் வரைந்ததே இல்லை, தெரியுமா? சார்லஸ் ஷூல்ஸின் 'பீனட்ஸ்' சித்திரத்தொடரில் லைனஸ் என்கிற பொடியன், 1959-லிருந்து வருஷா வருஷம் 'மகா பூசணி' வரும் என்று பூசணித் தோட்டத்தில் காத்திருப்பான். 1966 அக்டோபர் 27 அன்று டிவி படமாகவும் வந்தது. அந்தப் பூசணி மட்டும் வரவே வராது!

வண்ணத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, கொஞ்சம் சிவப்பு. 1903-இல் கிரேயோலா என்கிற பெயரில் விற்ற முதல் எட்டுக் கலர்ப் பெட்டியிலேயே இவை நாலும் இருந்தன. முதலில் முழுக்க மஞ்சள் பூசுங்கள். மேலே ஆரஞ்சு, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் விரல் அகலம் விட்டுவிட வேண்டும். பள்ளங்களில் சிவப்பை லேசாகத் தேய்த்தால் போதும், கறுப்பு வேண்டாம், கறுப்பு வைத்தால் அழுகின காய். பின்னால் நீல இரவு தீட்டிப் பாருங்கள். நீலமும் ஆரஞ்சும் வண்ணச் சக்கரத்தில் எதிரெதிர்; பூசணி தாளை விட்டு எழுந்து வரும்! ஆரஞ்சு என்கிற பெயரும் நாரத்தை வழியில், நம் மொழிக் குடும்பத்திலிருந்து கிளம்பி, சமஸ்கிருதம், பாரசீகம், அரபு எல்லாம் சுற்றி ஆங்கிலத்துக்குப் போன சொல்தான் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள், தெரியுமா?

இத்தனை கலர் வேண்டாம், புள்ளி போதும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஓவியர் யாயோய் குசாமா, 1929-இல் ஜப்பானின் மாட்சுமோட்டோவில் விதை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வயதில் தாத்தாவோடு விதைத் தோட்டத்துக்குப் போனபோது ஒரு பூசணி தன்னோடு பேசியது என்று எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து பூசணியை விடவில்லை! மஞ்சள் உடம்பு, மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளிகள். நடு மடிப்பில் பெரிய புள்ளி, பள்ளத்தை நெருங்க நெருங்கச் சின்னப் புள்ளி. புள்ளியை வைத்தே உருண்டையைக் காட்டிவிடுவார். நவோஷிமா தீவின் கடலோரத்தில் 1994-இல் அவர் வைத்த பூசணிச் சிலையை 2021 ஆகஸ்டில் புயல் கடலுக்குள் இழுத்துப்போட்டது. மறு வருஷம் புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்துவிட்டார்கள்.

எங்கள் காலண்டர் பூசணிக்கும் கண், வாய், சாய்ந்த காம்பு எல்லாம் வந்துவிட்டது. நான் சுருளில் திசை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வாண்டு மீசை வைத்துவிட்டாள், யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம் பூசணிக்கு அடியில் நேராக இரண்டு நீளக் கோடு இழுத்து, நுனியில் காலுக்கொரு செருப்பு. மூன்று, நாலு வயதில் உலகத்துக் குழந்தைகள் பலரும் மனிதனை இப்படித்தான் வரைவார்கள், தெரியுமா? உடம்பு கிடையாது, தலையிலிருந்தே கால் கிளம்பும்!

"பூசணிக்கு எதுக்குடி கால்?" என்றேன்.

"மாடிப்படி ஏற வேணாமா, சின்னத் தாத்தா? மேலதானே தொங்கணும்."